வாங்கின மீன்

எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவோம். வெள்ளி, செவ்வாய் தவிர மற்ற நாளெல்லாம் சாப்பிடுவோம். ஆனால் வாங்கின மீனைத்தான் சாப்பிடுவோம். பிடித்த மீனைத் தொடமாட்டோம். ஒருவரும் பிடிக்காமல் மீன் எப்படி விலைக்கு வரும் என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்கிற ஆளுக்கு எங்கள் பகுதியில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தை என் அறுபத்தாறாவது வயதில் எனக்கு விளங்கப்படுத்தியவள் என் மகள் பராசக்தி. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, வைகாசி மாதம். தொண்டைமானாற்றுப் பாலத்தில் தூண்டில் போட்டு நாலு கீளி மீன் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தேன். சண்டையால் கடலில் இறங்கத் தடை, சந்தையில் மீன் வாலைக் கண்டு மாதக் கணக்கு. மகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என் புத்தியைச் சொல்லவேண்டும்.

"இது ஆரிட்டை வாங்கினது அப்பா?"

"வாங்கேல்லை. நான் பிடிச்சனான்."

அவள் மீனைப் பார்க்கவில்லை. மதிலுக்கு மேலால் பக்கத்து வளவைப் பார்த்தாள். பிறகு வாசல் படலையைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று கண்டபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கண்டவை என்ன கதைப்பினம்? ஸ்டேசன் மாஸ்டர் பஞ்சலிங்கத்தார் மீன்பிடிக்கிற சாதியோடை கரைக்கு இறங்கிட்டாராம் எண்டு கதைக்க மாட்டினமோ? நான் தகப்பன் இல்லாத ரெண்டு குமரை வைச்சிருக்கிறன்."

மூத்தவள் சுகிர்தா கலியாண வயதுக் குமர்தான், இருபத்திரண்டு வயது. மற்றக் குமருக்குப் பதினொரு வயது. அது அப்போது எனக்குப் பின்னால் நின்று மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தது.

நாலு கீளியும் நாய்க்குப் போயின. அது நல்ல குலத்து நாய்தான், ஆனாலும் ஆர் பிடித்தது என்று கேட்கவில்லை.

எங்கடை ஆக்கள் தோட்டம் கொத்தலாம். அரசாங்கக் கந்தோரில் இருந்து கொட்டாவி விடலாம். கனடாவுக்குப் போய்க் கோப்பை கழுவலாம், அதற்குக் காசு கட்டியும் போகலாம். தூண்டில் மட்டும் பிடிக்கக் கூடாது.

எனக்குத் தூண்டில் புதிதில்லை. தலைமன்னாரில் ஆறு வருஷம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தேன். ஒரு ரயிலுக்கும் மற்ற ரயிலுக்கும் இடையில் நாள் முழுக்கக் கிடக்கும். இறங்குதுறையில் போய் இருந்து, தங்கூசி நூலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, உத்தியோகம் பார்த்தேன். அந்த ஆறு வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். மனைவி அச்சுவேலியில் இருந்தாள், அவளுக்குச் சொல்லவில்லை. இடமாற்றம் கிடைத்துக் கொழும்பு மருதானைக்குப் போன அன்று நூலைச் சுற்றி ஒரு சிகரெட் தகர ரின்னுக்குள் வைத்தேன். மனைவி போய் எட்டு வருஷமாகிறது. ரின் இருக்கிறது.

ஓய்வு பெற்று வந்தபிறகு கொஞ்சக் காலம் ரயில் ஓடியது. பிறகு அதுவும் நின்றது. இயக்கப் பெடியள் தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கருக்குக் கூரை போட்டார்கள், சிலிப்பர் கட்டைகளை அடுக்கி மண் மூட்டை வைத்தார்கள். ரயில் இல்லாத ஊரில் ஸ்டேசன் மாஸ்டருக்கு என்ன மதிப்பு? வாசிகசாலையில் போய் இருந்தால் மற்றப் பென்சன்காரர் எல்லாம் கூடி ஐக்கிய நாடுகள் சபையை நடத்திக்கொண்டிருப்பார்கள். இந்தியா என்ன செய்யவேண்டும், அமெரிக்கா என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் விளக்குக்கு மண்ணெண்ணெய் எங்கே எடுப்பது என்று மட்டும் தெரியாது. அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மீனின் வாயைப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.

நாய் மீன் தின்ற அடுத்த நாள் நான் பராசக்தியிடம், சந்நிதிக்குப் போய்வரப் போகிறேன் என்றேன். செல்வச்சந்நிதி முருகன் கோயில் பாலத்துக்குப் பக்கத்தில்தான். அவளுக்கு முகம் மலர்ந்தது.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நாலு தேவாரமாவது பாடமாக்கட்டும்."

இப்படித்தான் என் பேத்தி தவரூபி வாரத்தில் மூன்று நாள் என் சைக்கிள் கரியரில் ஏறினாள். சைக்கிள் ரயில்வே பச்சை. கந்தோரில் மிஞ்சின பெயின்றை நானே அடித்தது. மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம். கோயில் வாசலில் நிற்காமல் ஒரு கும்பிடு, திருநீறு ஒரு பூச்சு, பிறகு பாலம்.

நான் அவளுக்குப் படிப்பித்தேன் என்று ஆரும் நினைக்கவேண்டாம். முதல் நாளே நான் ஒரு மீனை இழுத்தெடுத்து, இதுதான் ஒட்டி, இதைப் போல் ருசியான மீன் கிடையாது என்று சொல்லிக் கையால் பொத்திப் பிடித்தேன். அது ஒட்டியில்லை, ஓரா. ஓரா முள்ளுக் குத்தினால் கை தோள்மூட்டு வரைக்கும் கடுக்கும். நான் பாலத்துச் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நாலு முழம் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மனிசி வந்து என் கையைப் பார்த்தாள்.

"ஓராவைப் போய் ஆரும் கையாலை பொத்துறதே அண்ணை? முதல் காலாலை மிதிச்சுப்போட்டெல்லோ கழட்டவேணும்."

அவள் சிசிலியா. மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவள். அங்கே வள்ளம், வலை, கல்வீடு எல்லாம் இருந்தது. இங்கே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அரைவாசி இருந்தது. பகலில் பாலத்தில் தூண்டில் போட்டு, கிடைத்ததைப் பனையோலைக் கடகத்தில் வைத்துத் தலையில் சுமந்து, அச்சுவேலிப் பக்கம் வீடு வீடாகக் கொண்டு திரிந்தாள். எங்கள் படலைக்கும் வருவாள். படலையில் வந்து நின்றால் "ஐயா, மீன் வேணுமோ?" என்பாள். அதே சிசிலியா, அதே நான், பாலத்தில் நின்றால் "அண்ணை". ஏன் என்று நான் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் சேர் என்றும் மாஸ்டர் என்றும் கேட்டவன் நான், அந்த அண்ணை என்கிற சொல் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

தவரூபி எல்லாவற்றையும் சிசிலியாவிடம் பிடித்துக்கொண்டாள். இறாலைத் தூண்டில் கொளுக்கியில் எப்படிக் கோர்ப்பது, பாலத்துக்குக் கீழே அணைக் கதவு திறந்து தண்ணீர் சுழிக்கிற இடத்தில் நூலை எவ்வளவு விடுவது, ஓராவை எந்தக் காலால் மிதிப்பது, எல்லாம். என் ரின்னுக்குள் மூன்று கொளுக்கி இருந்தது. ஒன்றை நான் கல்லில் மாட்டித் தொலைத்தேன். மற்ற இரண்டையும் பேத்தி வாங்கித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என் கொளுக்கிக்கு நான் அவளிடம் கேட்கவேண்டும். மகள் வீட்டிலும் அதுதான் நிலைமை. வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தவன் அந்த வீட்டில் ஒரு கதிரையை நகர்த்தவும் கேட்டுத்தான் நகர்த்தவேண்டும். ஆனால் பேத்தியிடம் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

மீனை என்ன செய்வது என்று வழி கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"அம்மப்பா, சிசிலியா அக்காட்டைக் குடுப்பம். அவா கொண்டுவந்து அம்மாவுக்கு விக்கட்டும்."

சிசிலியா பாலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றில் ஒரு மீன் அவளுக்கு என்று பேசிக்கொண்டோம். அவள் நடந்து வருவதற்கு முன்னம் நாங்கள் சைக்கிளில் வீட்டுக்குப் போய், திருநீறு காயாமல், மீன் மணம் போகக் கையைத் தேசிக்காய் இலையால் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் இருப்போம். படலையில் சத்தம் கேட்கும். பராசக்தி ஒரு சுளகில் சின்ன வெங்காயத்தோடு போவாள். தட்டுப்பாட்டுக் காலத்தில் மீனுக்கு வெங்காயம் மாற்று. சிசிலியா மீனை ஒரு பூவரசம் இலையில் எடுத்து வைத்துவிட்டு, கடகத்தை நிலத்தில் வைத்து இரண்டடி பின்னுக்கு நிற்பாள். பராசக்தி குனியாமல் நின்றபடியே, மேலே இருந்து கடகத்துக்குள் வெங்காயத்தைக் கொட்டுவாள். கை பட்டால் மீன் மணம் ஒட்டுமாம். அந்த மீனைப் பிறகு அவளே கையால் பிடித்து வெட்டுவாள், அது வேறு விஷயம்.

மத்தியானம் சாப்பிடும்போது மகள் சொல்லுவாள்.

"இதெல்லோ மீன். அதுக்கெண்டு பிறந்த ஆக்கள் பிடிச்சால் அதின்ரை ருசியே வேறை."

தவரூபி சோற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தோள் குலுங்கும். நான் முள்ளுச் சிக்கினதுபோல் இருமுவேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. முழு அச்சுவேலியையும் ஏமாற்றுகிறவன் போல எனக்கு ஒரு பெருமை இருந்தது. முட்டாள்களுக்கு நடுவில் நான் ஒருவன் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆடியில் சுகிர்தாவுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை கனடா. சாதகம் பொருந்தியாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் பொன்னம்பலம், நீர்வேலிக்காரர், ஓய்வு பெற்ற விதானையார், அதாவது ஊர்த் தலைமைக்காரர். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய் ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் இல்லை. விதானை வேலை போய் எத்தனையோ வருஷம், ஆனால் ஆட்களை விசாரிக்கிற வேலையை அவர் இன்னும் விடவில்லை. விசாரித்துப் பார்த்ததில் அவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று பராசக்திக்குத் தெரிய வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறார். வெள்ளிக்கிழமையே பராசக்தி படலையில் சிசிலியாவை மறித்தாள்.

"எப்பிடியெண்டாலும் ஒரு நல்ல மீன் வேணும். சின்னன் வேண்டாம். சபையிலை வைக்கக்கூடியதா."

"பாப்பம் அம்மா. பாலத்து அண்ணையும்…" என்று சொல்ல வந்த சிசிலியா, எனக்குப் பின்னால் நின்ற தவரூபியின் கண்ணைப் பார்த்து நிறுத்தினாள். "பாலத்து ஆக்களிட்டையும் கேட்டுப் பாக்கிறன்."

ஞாயிறு விடியவே நாங்கள் போய்விட்டோம். கதவடியில் தண்ணீர் சுழித்தது. எனக்கு ஒன்றும் படவில்லை. சிசிலியாவுக்கு இரண்டு திரளி. பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலி ஒன்று வந்து சுற்றியது, எல்லோரும் பாலத்துச் சுவரோடு ஒடுங்கினோம். தவரூபி மட்டும் நூலை விடாமல் குந்தியிருந்தாள்.

ஹெலி போன கையோடு அவளுடைய நூல் இழுபட்டது. நான் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"விடுங்கோ அம்மப்பா, நீங்கள் அறுத்துப்போடுவியள்."

சிசிலியாவும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பிள்ளை நூலை விட்டாள், எடுத்தாள், பிறகும் விட்டாள். கை விரலை நூல் வெட்டி இரத்தம் வந்தது. அரை மணித்தியாலம் இருக்கும். கடைசியாக மேலே வந்தது ஒரு கொடுவா. என் முழங்கை நீளம். தலைமன்னாரில் ஆறு வருஷம் இருந்த எனக்கு அப்படி ஒன்று ஒரு நாளும் வாய்க்கவில்லை.

சிசிலியா தன் கையால் பிள்ளையின் தலையைத் தடவினாள். "என்ரை அப்பு கண்டிருந்தால் உன்னை வள்ளத்திலை ஏத்தியிருப்பார்," என்றாள். அவள் இதைச் சிரித்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் தவரூபி கரியரில் இருந்து விரலைச் சூப்பிக்கொண்டு வந்தாள். அச்சுவேலிச் சந்தி தெரிந்த இடத்தில் என் சேர்ட்டைப் பின்னால் இழுத்தாள்.

"அம்மப்பா, இந்த மீன் நான் பிடிச்சது எண்டு சொல்லவேணும்."

"ஆருக்கு?"

"ஆருக்காவது. எல்லாத்தையும் சிசிலியா அக்கா பிடிச்சது எண்டு நாங்கள் சொல்லியாச்சு. இது நான் பிடிச்சது."

"உன்ரை கொம்மா தோலை உரிச்சுப்போடுவா."

"இதைப் பிடிச்சதெண்டு சொன்னால் உரிக்கமாட்டா. வாற மாமாவுக்கு முன்னாலை சொல்லுங்கோ. அவர் மீன் விருப்பமான ஆள்தானே. ஆராவது கேட்டால் சொல்லுவியளோ?"

"கேட்டால் சொல்லுவன்."

"சத்தியமா?"

"சந்நிதி முருகன் அறிய."

முப்பத்து நாலு வருஷம், ரயில் எங்கே நிற்கிறது என்று தெரியாமலே, இப்ப வந்துவிடும் என்று சனத்துக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கினவன் நான். ஆனால் அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். பொன்னம்பலத்தின் முகத்துக்கு நேரே சொல்லி, அவருடைய கையில் சோறு அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது.

பொன்னம்பலம் பதினொன்றரைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் குடை. வந்தவுடன் வீட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தென்னை எத்தனை என்று எண்ணினார், விறாந்தையில் சாத்தியிருந்த என் பச்சைச் சைக்கிளையும் பார்த்தார். பெண்ணைக் கடைசியாகப் பார்த்தார்.

விருந்து நாள் என்பதால் சிசிலியாவைப் பின் வளவுக்குள் வரவிட்டிருந்தார்கள். கிணற்றடியில் இருந்து மீனை வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டு, கடகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெங்காயத்துக்குக் காத்திருந்தாள். குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையில் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே கதைப்பது கிணற்றடிக்குக் கேட்கும்.

வாழையிலை போட்டார்கள். கொடுவாத் தலையைப் பொன்னம்பலத்துக்கு வைத்தார்கள். கண்ணைத் தோண்டினார், எலும்பை உறிஞ்சினார், குழம்பை வழித்தார். நான் அவருக்கு எதிரில் இருந்தேன். தவரூபி தண்ணீர்ச் செம்போடு கதவு நிலையில் நின்றாள். வெட்டுப்பட்ட விரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. அவள் விதானையாரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சண்டை துவங்கினதுக்குப் பிறகு இப்பிடி ஒரு கொடுவா நான் தின்னேல்லை, பிள்ளை," என்றார் பொன்னம்பலம். "இது எங்கை எடுத்தது?"

"எங்களுக்கு வழமையாக் கொண்டுவாற ஒருத்தி இருக்கிறா மாமா, அவாட்டை வாங்கினது," என்றாள் பராசக்தி.

தவரூபி ஒரு அடி முன்னுக்கு வந்தாள். நான் தொண்டையைச் செருமினேன். இப்போது சொல்லவேண்டியதுதான் என்று நிமிர்ந்தேன்.

அதற்குள் விதானையார் தொடங்கினார். இலையில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"தொண்டைமானாற்றுப் பாலத்திலை எங்கடை ஆள் ஒருத்தர் கரையாக்களோடை நிண்டு தூண்டில் போடுறாராம் எண்டு ஒரு கதை. வயது போன மனிசனாம். ஒரு பெட்டைக்குட்டியும் கூட. பச்சைச் சைக்கிளாம். மாஸ்டர், உங்களுக்கு ஆரெண்டு தெரியுமோ?"

பராசக்தி கரண்டியோடு நின்றாள். சுகிர்தா குசினிக்குள் நின்றிருக்கவேண்டும். என்னிடம் கேட்டாயிற்று. அவர் கேட்கவேண்டும் என்று நான் காத்திருந்த கேள்வியைவிட நேரான கேள்வி. ஓம், நான்தான், இந்த மீனை இவள்தான் பிடித்தவள், எலும்பை உறிஞ்சினது போதும், இப்ப சொல்லுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நிமிஷமும் தேவையில்லை.

நான் சொன்னது இது.

"அது இவள்தான். சொல்வழி கேளாமல் அந்தச் சனத்துக்குப் பின்னாலை பாலத்துக்கு ஓடிவிடுறாள். நான் சந்நிதிக்குப் போற வழியிலை இவளை இழுத்துக்கொண்டு வரப் போறனான். பாத்தவை என்னையும் சேர்த்துக் கதைச்சிருப்பினம்."

ஆரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஆரும் துவக்கு நீட்டவில்லை. வாய் தானாகச் சொன்னது. எவ்வளவு லேசாக வந்தது என்றால், சொல்லி முடித்த பிறகு நான் இன்னும் கொஞ்சம் மீன் போடச் சொல்லிக் கேட்டேன்.

பொன்னம்பலம் சிரித்தார். "அதுதானே பாத்தன். எங்கடை ஆக்கள் அப்பிடி இறங்குவினமோ? சின்னப் பிள்ளையள் எண்டால் உப்பிடித்தான். இறுக்கி வைச்சால் சரி."

தவரூபி செம்பை நிலத்தில் வைத்தாள். ஒரு துளியும் சிந்தவில்லை. திரும்பிப் பின் வளவுக்குப் போனாள். அங்கே போய் என்ன கண்டாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிணற்றடியில் கடகம் இருந்தது. சிசிலியா இல்லை. வெங்காயத்தையும் வாங்காமல், தன் கடகத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

விதானையார் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆவணியில் நாள் வைப்பது, பிறகு சுகிர்தாவைக் கொழும்பு வழியாக அனுப்புவது என்று பேசி முடிந்தது. அவருடைய தலை சந்தி திரும்பினவுடன் பராசக்தி பூவரசம் தடி முறித்தாள். எட்டு அடி. நான் விறாந்தையில் இருந்து கேட்டேன். பிள்ளை அழவும் இல்லை, நான் தனியப் போகவில்லை என்று என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. காட்டிக் கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். தடி முறிந்தபிறகு பராசக்தி என்னிடம் வந்தாள்.

"நல்ல வேளை அப்பா, நீங்கள் சமாளிச்சியள்."

அவளுக்கு எல்லாம் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதற்குப் பெயர் மரியாதை.

அடுத்த வாரம் நான் தனியாகப் பாலத்துக்குப் போனேன். சிசிலியா தன் இடத்தில் இருந்தாள். பக்கத்தில் போய் ரின்னைத் திறந்தேன். உள்ளே நூல் மட்டும் இருந்தது, கொளுக்கி இரண்டும் பேத்தியிடம். சிசிலியாவிடம் ஒன்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"வெய்யில் ஏறுது. வீட்டை போங்கோ ஐயா," என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்தபடி.

பாலத்தில் என்னை ஐயா என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். படலையில் சொல்கிற அதே மரியாதையோடு சொன்னாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியில் கோயிலுக்குள் போகவில்லை. முருகன் அறியச் சத்தியம் செய்தவனுக்கு அங்கே என்ன அலுவல்.

வீட்டில் தவரூபி என்னோடு கோபம் காட்டவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். கூப்பிடமாட்டாள். அம்மப்பா என்கிற சொல்லை அவள் எங்கோ வைத்துப் பூட்டிவிட்டாள். பதினொரு வயதுப் பிள்ளையின் கோபம் இரண்டு நாளில் ஆறும் என்று நினைத்தேன். மூன்று கிழமையாகியும் ஆறவில்லை. பிறகுதான் விளங்கியது, அது கோபம் இல்லை. அவள் என்னைத் தராசில் சரியாக நிறுத்து வைத்துவிட்டாள்.

ஆவணி பிறந்த முதல் சனிக்கிழமை பராசக்தியும் சுகிர்தாவும் கூறைச் சேலை பார்க்க நல்லூர்ப் பக்கம் போயிருந்தார்கள். தவரூபி ரியூசனுக்கு என்று விடியப் போனாள். நான் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். பத்து மணியிருக்கும். படலையில் சத்தம் கேட்டது.

"ஐயா, மீன் வேணுமோ?"

குரல் தெரிந்த குரல். நான் எழும்பிப் போனேன்.

படலைக்கு வெளியே தவரூபி நின்றாள். பள்ளிக்கூடச் சட்டை. தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் சிசிலியாவின் கடகம். கால் முழங்கால் வரைக்கும் சேறு. கடகத்தை இறக்கிக் காட்டினாள். ஐந்து மீன். மூன்று கீளி, இரண்டு திரளி. கண் இன்னும் தெளிவாக இருந்தது.

"எடி பிள்ளை, ஆரும் காணப் போயினம். உள்ளை வா."

"நாங்கள் படலைக்கு உள்ளை வாறேல்லை ஐயா. விருந்து நாளெண்டால் பின் வளவுக்கு வருவம்."

அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ஒழுங்கையில் இரண்டு பேர் சைக்கிளில் போனார்கள். நான் படலைக்குள் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தேன். நான் நகர்ந்ததை அவள் பார்த்தாள்.

அவர்கள் போனபிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"நீயே பிடிச்சனி?"

"இல்லை ஐயா," என்றாள். "வாங்கினது."

உள்ளே போய்ச் சுளகில் வெங்காயம் அள்ளினேன். திரும்பி வந்தபோது அவள் மீனைப் பூவரசம் இலையில் வைத்துவிட்டு, கடகத்தை நிலத்தில் வைத்து, இரண்டடி பின்னுக்கு நின்றாள். கையைப் பின்னால் கட்டியிருந்தாள். வெட்டுப்பட்ட விரல் ஆறியிருக்குமா என்று பார்க்க நினைத்தேன், தெரியவில்லை.

குனிந்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். குனிந்து வைத்திருந்தால் அவள் கிட்ட வந்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. ஒழுங்கை முடக்கில் இன்னொரு சைக்கிள் மணி கேட்டது. நான் நின்றபடியே, மேலே இருந்து, வெங்காயத்தைக் கடகத்துக்குள் கொட்டினேன்.

அவள் வந்து கடகத்தை எடுத்துத் தலையில் வைத்தாள். "வாறன் ஐயா," என்று சொல்லிவிட்டுத் தொண்டைமானாற்றுப் பக்கம் நடந்தாள். வெங்காயம் சிசிலியாவுக்கு. அதையாவது கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வந்த பராசக்தி மீனைப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்ல புது மீன். ஆரிட்டை வாங்கினியள் அப்பா?"

"ஒரு மீன்காரி வந்தவள்," என்றேன்.

தவரூபி குளித்து, தலை இழுத்து, திருநீறு பூசி, மேசையில் கணக்குக் கொப்பியோடு இருந்தாள். தலை நிமிரவில்லை.

"சிசிலியாவோ?"

"இல்லை. வேறை ஒருத்தி. எனக்குப் பழக்கமில்லை."